டேங்கின் அடியில் பச்சை

நவம்பர் 18, திங்கள். மழை 61 மி.மீ.

காலையில் கதவைத் திறந்தால் வாசல் முழுக்க மரம். மேல்வரப்பில் நின்ற பெரிய சில்வர் ஓக், வேரோடு சாய்ந்து, சுற்றியிருந்த மிளகுக்கொடியையும் இழுத்துக்கொண்டு பாதையில் படுத்திருக்கிறது. தண்ணீர் பிடிக்கப் போக வேண்டுமென்றால் அதன்மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். அறுபத்து நாலு வயதில் இது நமக்குத் தேவைதானா? நல்லவேளை, வீட்டின்மேல் விழவில்லை. விழுந்திருந்தால் நாலு நாள் கழித்து கேஸ்காரன் வந்துதான் பார்த்திருப்பான்.

சுருளியின் டீக்கடைக்குப் போய் மரம் அறுக்க ஆள் கேட்டேன். மலை முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது, பதினைந்து நாளைக்கு ஒருத்தனும் சிக்க மாட்டான் என்றான். கூடவே, நான் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னான். கீழ்வீட்டுக்காரன் வீட்டை விற்றுவிட்டானாம். புருஷனும் பெண்டாட்டியும் ஓசூரில் மகள் வீட்டோடு போய்விடுகிறார்களாம். மார்கழி பிறந்தால் வீடு மாற்றக் கூடாதென்று டிசம்பர் பதினொன்றாம் தேதியே லாரி வருகிறதாம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

போகட்டும். எனக்கென்ன.

கீழ்வீட்டுக்காரன் என்று எழுதுகிறேனே, அது என் தம்பி அழகுராசாதான். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவன் பெயரை இந்த டைரியில் எழுதியே அவ்வளவு காலம் ஆகிறது.


நவம்பர் 19, செவ்வாய். மழை 18 மி.மீ.

ஆள் கிடைக்காவிட்டால் என்ன, என்னிடமே மிஷின் ரம்பம் இருக்கிறதே என்று பரணில் ஏறி இறக்கினேன். சாக்கில் சுற்றி வைத்தது சுற்றியபடியே இருந்தது. எலி சாக்கைத் தின்றிருக்கிறது, மிஷினைத் தின்ன முடியவில்லை. ஆரஞ்சு நிறமெல்லாம் மங்கி, செயின் துருப்பிடித்து, அது ஓடுகிற பார் மட்டும் நேராக இருக்கிறது.

ஜெர்மன் மிஷின். நானும் தம்பியும் சேர்ந்து வாங்கியது. காப்பித் தோட்டங்களில் வெயில் வேண்டுமென்று வருஷா வருஷம் நிழல்மரக் கிளைகளைக் கழிப்பார்கள், அந்தக் கவாத்து வேலையை இருவரும் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தோம். வாரநாட்களில் எஸ்டேட்டில் எனக்கு ரைட்டர் வேலை. ஆள் பேர் எழுதுவது, மழை அளந்து எழுதுவது. முப்பத்தொரு வருஷம். வேலையை விட்ட பிறகும் கை நிற்க மாட்டேன் என்கிறது. முற்றத்தில் மழைமானி வைத்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்பதற்கு யாரும் இல்லாத கணக்கு.


நவம்பர் 20, புதன்.

ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை. தோள்பட்டை வலிக்கிறது. ரசம் வைத்தேன், நேற்றுச் சோறு.


நவம்பர் 22, வெள்ளி. மழை 4 மி.மீ.

மிஷினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். பிளக்கைக் கழற்றினேன். கடைசியாகப் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்.

அடியில் பச்சையாக ஏதோ இருந்தது. ஒரு ஈர்க்குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தேன். கொழகொழவென்று, வெல்லப்பாகு மாதிரி, பச்சை. முகர்ந்து பார்த்தேன். துடைத்துவிட்டு மூடியை மூடினேன். பிறகு திரும்பவும் திறந்து பார்த்தேன்.

இதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். இந்த மிஷினுக்குச் சும்மா பெட்ரோல் ஆகாது. டூ டி ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும், அத்தோடு மிஷின் முடிந்தது. கலப்பது தம்பியின் வேலை. 2015 ஜூன் மாதம், பெரிய தோட்டத்துக் காண்ட்ராக்ட்டில், பாதி வேலையில் மிஷின் பிடித்துக்கொண்டது. அந்த வாரம்தான் அவன் புது பைக் வாங்கியிருந்தான். பைக்குக்கு வெறும் பெட்ரோல், மிஷினுக்குக் கலந்த பெட்ரோல் என்று ரெண்டு கேன். பைக் கேனை எடுத்து மிஷினில் ஊற்றிவிட்டாய் என்றேன். இல்லை என்றான். நான் விடவில்லை.

பெட்ரோல் ஒன்பது வருஷத்தில் ஆவியாகிப் போயிருக்கும். ஆயில் போகாது. நாங்கள் வாங்கிய ஆயில் பச்சை நிறம்.

பழைய ஆயில் எப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.


நவம்பர் 25, திங்கள். மழை இல்லை.

மிஷினைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோனேன். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டான். ஜெபமணி என்று ஒரு மெக்கானிக், பவர் ஸ்பிரேயர், மரமிஷின் எல்லாம் பார்ப்பவர். பார்த்த உடனே, இதற்குச் செலவழிப்பது வீண், இப்போது புது மிஷினே சல்லிசாக வருகிறது என்றார். பழைய இரும்பு நல்ல இரும்புதான், ஆனால் பார்ட்ஸ் வந்து சேர்ந்து, போட்டு ஓட்டி, இன்னும் எத்தனை மரம் அறுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஒரு மரம் என்றேன். சிரித்தார்.

திறந்தாவது பாருங்கள், ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். அந்த மனிதருக்கு என் குரலில் என்ன கேட்டதோ, ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

சிலிண்டரைத் தட்டிக் கழற்ற அரைமணி நேரம் ஆயிற்று. பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சைலன்சர் பக்கம் மட்டும் கோடு கோடாகக் கீறல். தலைப்பக்கம் சுட்டு வெளுத்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் ஆயில் படிந்து வழுவழுவென்று இருந்தது.

"வெறும் பெட்ரோல்ல ஓடியிருந்தா சுத்திச் சுத்திக் கீறியிருக்கும் அண்ணாச்சி. இது அது இல்ல," என்றார். பிறகு கார்பரேட்டரை எடுத்து, ஓரத்தில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைக் காட்டினார். "இந்தா பாருங்க, பெட்ரோல் ஸ்க்ரூவ இறுக்கு இறுக்குன்னு இறுக்கி வச்சிருக்கு. காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. சத்தம் கணீர்னு வரும், மிஷினு உள்ளுக்குள்ள வெந்து போகும். யாரு இத முறுக்குனது?"

தெரியாது என்றேன்.

பார்ட்ஸ் வரவழைத்து மாட்டிவிடுங்கள், என்ன ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.


நவம்பர் 26, செவ்வாய். மழை 33 மி.மீ.

வெளியே போகவில்லை. பழைய டைரியெல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எடுக்கவில்லை.


நவம்பர் 29, வெள்ளி. மழை 9 மி.மீ.

கடைக்குப் போகிற வழியில் வேலுத்தாய் எதிரே வந்தாள். தம்பி பெண்டாட்டி. மஞ்சள் பையில் பழைய பாத்திரங்கள், ஈயம் பூசவோ விற்கவோ தெரியவில்லை. என்னைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து நின்று, நான் தாண்டிய பிறகு நடந்தாள். மரியாதைக்குக் குறைவில்லை. பேச்சுத்தான் இல்லை. எப்படி மெலிந்துவிட்டாள்! நல்லா இருக்கியாம்மா என்று கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது.

என் பெண்டாட்டி பஞ்சவர்ணம் செத்தபோது, மூன்று வருஷத்துக்கு முன்பு, தம்பி வந்தான். பாடைக்குத் தோள் கொடுத்தான். சுடுகாடு வரை எனக்கு ஒரு கை தூரத்தில் நடந்தான். குளித்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கும் நான்தான் பேசியிருக்க வேண்டும்.

சத்தியத்தைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

மிஷின் பிடித்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை, கருப்பசாமி கோயில் முன்னால், பத்துப் பேர் பார்க்க, நான்தான் கேட்டேன். ஆயில் கலந்தது நிஜமென்றால் சூடத்தை அணைத்துச் சொல் என்று. எங்கள் பக்கம் சூடம் அணைத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்யாக அணைத்தவன் வீடு விளங்காது என்பார்கள். அதனாலேயே நிஜம் சொல்கிறவனும் சூடம் என்றால் தயங்குவான். அவன் தயங்கவில்லை. சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையில் வைத்து, ஆயில் கலந்துதான் ஊற்றினேன் என்று சொல்லி, மற்றக் கையால் அடித்து அணைத்தான். கை கொப்பளித்துவிட்டது.

அதற்குப் பிறகும் நான் நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை, ஏனென்றால் நான் அண்ணன், ரைட்டர், கணக்குத் தப்பாதவன்.


டிசம்பர் 2, திங்கள். மழை இல்லை.

எடுத்துவிட்டேன். 2015 டைரி, நீல அட்டை. ஜூன் 13, சனிக்கிழமை. என் கையெழுத்து, நல்ல தெளிவான கையெழுத்து:

"மாலை மிஷினைச் சோதித்தேன். மந்தமாக ஓடுகிறது. ஸ்க்ரூவை முக்கால் சுற்று முறுக்கினேன். இப்போது சத்தம் பிரமாதம். அழகுராசாவிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பான்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மிஷின் பிடித்துக்கொண்டது. அந்த நாள் பக்கத்தில் ஸ்க்ரூவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. தம்பியைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். எதை எழுதினாலும் எனக்கு மறக்காது, இந்த ஊருக்கே அது தெரியும்.


டிசம்பர் 5, வியாழன். மழை 12 மி.மீ.

ஜெபமணி போன் செய்தார். பார்ட்ஸ் வந்துவிட்டது, மாட்டிவிட்டார், இரண்டாவது இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டதாம். போய் வாங்கி வந்தேன். ஸ்க்ரூவை அவரே பார்த்து வைத்திருக்கிறார். இதைத் தொடாதீர்கள் என்று பெயின்ட்டால் ஒரு புள்ளியும் வைத்திருக்கிறார்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. இதையும் எழுதாவிட்டால் டைரி எதற்கு, அடுப்பில் போடலாம்.

சூடம் அணைத்த ஐந்தாவது மாதம் தம்பி மகன் பிரதாப் செத்துப்போனான். பதினேழு வயது. அதே புது பைக்கை எடுத்துக்கொண்டு போனவன், எட்டாவது வளைவில் மழையில் சறுக்கி, லாரிக்கு அடியில். என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு முற்றம் தாண்டி ஓடி வருகிற பையன். எனக்குப் பிள்ளை கிடையாது. அவன்தான்.

ஊரில் பேச்சு வந்தது. பொய்ச் சத்தியம் பிள்ளையைக் காவு வாங்கிவிட்டது என்று. யார் முதலில் சொன்னது என்று ஒருத்தருக்கும் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சுருளி கடை பெஞ்சில் உட்கார்ந்து, "சூடம் சும்மா விடுமா?" என்று சொன்னவன் நான். அழுதுகொண்டேதான் சொன்னேன். அழுதால் மட்டும் சொன்னது இல்லையென்று ஆகிவிடுமா.


டிசம்பர் 8, ஞாயிறு. மழை இல்லை.

மரத்தை அறுத்தேன். காலையில் ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிந்தது. மிஷின் வெண்ணெய் வெட்டுகிற மாதிரி வெட்டுகிறது. சத்தம் பழைய மாதிரி கணீரென்று இல்லை, கொஞ்சம் தொண்டை கட்டினதுபோல இருக்கிறது. இதுதான் சரியான சத்தமாம். இடுப்பு போய்விட்டது.

அந்தச் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்காது. மரத்தை அறுத்துக்கொண்டே ரெண்டு மூன்று தரம் நிறுத்தி, பாதையைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. எதற்கு வர வேண்டும்? அறுத்து அடுக்கிய துண்டுகளின்மேல் உட்கார்ந்து மிச்ச இட்லியைத் தின்றேன். இத்தனை பெரிய மலையில் ஒரு ஆளிடம் பேச வேண்டும் என்றால் அந்த ஒரு ஆள்தான் எனக்கு இருக்கிறான்.


டிசம்பர் 10, செவ்வாய். மழை 7 மி.மீ.

நாளைக்கு லாரி. இன்றே போய்த் தனியாகச் சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் கிளம்பினேன். முதல் தரம் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே திரும்பிவிட்டேன். இரண்டாம் தரம் வாழைத்தோப்பு வரை. மூன்றாம் தரம் அவன் வீட்டு வேலி வரை போய், உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டதும் வந்த வழியே நடந்தேன்.

தனியாகச் சொல்வது ஏமாற்று வேலை. பத்துப் பேர் முன்னால் பழி போட்டவன் பத்துப் பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும்.


டிசம்பர் 11, புதன். மழை இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு நீல டைரியை எடுத்துக்கொண்டு போனேன். லாரி ரோட்டில் நின்றது. ஊர்க்காரர்கள் கட்டில், பீரோ, அரிசி டிரம் எல்லாம் சுமந்துகொண்டிருந்தார்கள். சுருளியும் இருந்தான். தம்பி சுருட்டிய பாயின்மேல் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. தூரத்தில் பார்க்கும்போது அவ்வளவு தெரியவில்லை.

நான் போய் நின்றதும் எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள். வணக்கம், சௌக்கியம் என்றெல்லாம் ஆரம்பித்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். டைரியைப் பிரித்து அந்த ஜூன் பதிமூன்றை அப்படியே வாசித்தேன். பிறகு சொன்னேன்.

"மிஷினு கெட்டது என்னால. ஸ்க்ரூவ முறுக்குனது நான். அழகுராசா ஆயிலு கலந்துதான் ஊத்துனான், போன மாசம் வரைக்கும் டேங்குல கெடந்துச்சு. அவன் அணைச்சது சத்தியமான சூடம். அவன் பிள்ளைய வச்சு நான் பேசுனது பாவம். ஊருல அதை மொதல்ல பேசுனதும் நாந்தான்."

சுருளி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். தம்பி கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. தெரிந்த விஷயம்தானே, அவனுக்கு என்ன புதிதாக இருக்கப் போகிறது.

அப்போதுதான் வேலுத்தாய் கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்தேன். அடுப்பை இறக்கி வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் நம்பலையே," என்றாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அவள் என்னிடம் சொல்லவில்லை, தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"நானும் நீங்க பொய்யா அணைச்சுட்டீகன்னுதான் இருந்தேன். எம்புள்ளைய நீங்கதான் கொன்னுட்டீகன்னு இருந்தேன். ஒம்போது வருசமா ஒங்களுக்குச் சோறு போட்டேன், ஒரு நா மூஞ்சியப் பாத்துப் போடல. வாயத் தொறந்து கேக்கவும் இல்ல."

தம்பியின் கை நின்றுவிட்டது. ஊர் நம்பாதது அவனுக்குத் தெரியும். நான் நம்பாதது தெரியும். வீட்டுக்குள் ஒருத்தி நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அவன் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறான். அவள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், வாங்கவில்லை. எழுந்தான். என் பக்கம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்ணே," என்றான்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அண்ணே என்று கூப்பிட்டான், அதுவும் இதற்குத்தான்.

லாரி பத்தேகாலுக்குக் கிளம்பியது. அவன் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். அவளைப் பின்னால் வந்த ஜீப்பில் ஏற்றினார்கள். ஒரே ஊருக்குப் போகிற புருஷனும் பெண்டாட்டியும் ரெண்டு வண்டியில் போனார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.


டிசம்பர் 12, வியாழன். மழை 88 மி.மீ.

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.


டிசம்பர் 17, செவ்வாய். மழை 3 மி.மீ.

ஜெபமணி போன் செய்து மிஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றேன். அவ்வளவு செலவழித்ததற்குப் பிரயோஜனம் உண்டா என்றார். தெரியவில்லை தம்பி என்றேன். மிஷினைப் பற்றித்தான் கேட்டார், பாவம்.

ரோட்டோரம் ஒரு மண்சட்டி கிடந்தது. லாரியில் ஏற்ற மறந்தது போலிருக்கிறது. எடுத்து வந்து வைத்திருக்கிறேன்.


டிசம்பர் 23, திங்கள். மழை இல்லை.

சாயங்காலம் வேலுத்தாய் போன் செய்தாள். ஓசூரிலிருந்து. நம்பரைச் சுருளியிடம் வாங்கினாளாம். எடுத்த உடனே, சாப்பிட்டீகளா மாமா என்றாள். ஆச்சு என்றேன், ஆகவில்லை.

ஓசூர் போய்ப் பத்து நாள் தம்பி அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். நேற்று, பிரதாப் போட்டோவை மாட்ட ஆணி அடித்திருக்கிறான். மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று அவளைக் கேட்டிருக்கிறான்.

"அங்கனயே ஒக்காந்து ரெண்டு பேரும் அழுதோம் மாமா. புள்ள செத்தன்னைக்கு அவரு ஒரு மூலையில அழுதாரு, நான் ஒரு மூலையில அழுதேன். இப்பத்தான் சேந்து அழுதோம்," என்றாள்.

அவன் இருக்கானா என்றேன். பக்கத்தில்தான் இருக்கிறார் என்று போனை அவனிடம் கொடுத்தாள். வாங்கிவிட்டான், அது தெரிந்தது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவன் ஹலோ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டிவியில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை தாத்தா என்று கூப்பிட்டது, அதற்கும் அவன் எழுந்து போகவில்லை. ரெண்டு நிமிஷம் இருக்கும், மூன்றுகூட இருக்கலாம், போனைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

முதலில் வைத்தது நான்தான். நான் அழுவது அவனுக்குக் கேட்டுவிடும் என்று வைத்துவிட்டேன்.